காயும் கனியும்: பலகையாட்டச் சொற்களும் கலைப்படைப்பும்

0. முன்னுரை

கொல்கத்தாவின் தென்பகுதியிலுள்ள அலிப்பூரில், பெல்வெடியர் வளாகத்தில் தேசிய நூலகம் அமைந்துள்ளது. 1953இல் அங்குத் திறக்கப்பெற்ற இந்நூலகத்திற்கு, 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படி அனுப்பப்பெறுதல் வேண்டும். ஆகவே இந்தி, உருது மூலங்களும் அவற்றின் வங்க, தமிழ் ஆக்கங்களும் ஒரே வளாகத்தில் வந்து சேர்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக விளங்கிய எஸ். வையாபுரிப்பிள்ளையின் நூற்றொகுதியும் இங்கு உள்ளது. இவ்வளாகத்திற்கு மேற்கே, ஹூக்ளி ஆற்றங்கரையில், மட்டியாபுருஜ் என்னும் பகுதி அமைந்துள்ளது. 1856இல் ஆட்சியை இழந்த அவத் மன்னர் வாஜித் அலி ஷா, 1887இல் மறையும்வரை தம் எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த இடம் அதுவாகும்.

அம்மன்னரின் வீழ்ச்சியைப் பின்னணியாகக் கொண்டு பிரேம்சந்த் 1924இல் எழுதிய சிறுகதையும், அதனை அடியொற்றிச் சத்யஜித் ராய் 1977இல் உருவாக்கிய திரைப்படமும் இக்கட்டுரைக்கு அடிப்படைகளாகும். இரண்டிலும் சதுரங்கமே நடுப்பொருள். நாடு பறிபோகும் வேளையில் இரு பிரபுக்கள் பலகையின் முன்னிருந்து எழவில்லை என்பதே கதையின் கரு. இதனைக் கண்டோர் பெரும்பாலும் சதுரங்கத்தை ஒரு குறியீடாகவே விளக்கி அமைவர்: பலகை நாட்டிற்கும், காய் மனிதர்க்கும், தோல்வி அடிமைத்தனத்திற்கும் குறியீடு என்பது அவர்தம் விளக்கம். அவ்விளக்கம் பிழையன்று, எனினும் போதுமானதன்று. குறியீடு மட்டுமே வேண்டுமெனில் வேட்டையோ சேவற்சண்டையோ கூட அப்பணியைச் செய்திருக்கும். பலகையாட்டம் கலைப்படைப்பினுள் நுழையும்போது தன் சொற்களையும் உடன்கொண்டு நுழைகிறது. படைப்பு தரும் நகைச்சுவையும் களிப்பும் அச்சொற்களினின்றே பிறக்கின்றன. ஆதலின் மொழிபெயர்ப்பில் முதலில் காக்கப்பட வேண்டியவை அச்சொற்களே. இக்கருத்தை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

1. 'ஆட்டம்' என்னும் சொல்

1.1 தமிழில் 'ஆடு' என்னும் வினையடி அசைதல், கூத்தாடுதல், நீராடுதல், விளையாடுதல் ஆகிய பொருள்களைத் தருகிறது. அதனின்று பிறந்த 'ஆட்டம்' தாயத்திற்கும் பொருந்தும், கரகத்திற்கும் பொருந்தும். விளையாட்டும் நிகழ்த்துகலையும் வேறுவேறானவை என்று கருதிப் பின்னர் அவற்றிற்கிடையே உறவைத் தேடும் தேவை தமிழ் பேசுவோர்க்கு இல்லை. இந்தியில் 'கேல்', வங்காளியில் 'கேலா' என்பனவும் ஏறத்தாழ இத்தகைய பரப்புடையன. 'கிலாடி' என்பது விளையாடுபவரைக் குறிப்பதோடு, கைதேர்ந்த தந்திரக்காரரையும் சுட்டும்.

1.2 ஆட்டக் கருவிகளின் பெயர்களைத் தமிழ் இலக்கணம் தொன்றுதொட்டே கவனித்து வந்துள்ளது. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் 'வல்' என்னும் ஆட்டக்கருவிப் பெயர் பிற சொற்களோடு புணரும் முறை தனியே கூறப்பட்டுள்ளது. அதனையடுத்து 'நாய்', 'பலகை' என்னும் இரு சொற்கள் வருமிடத்து நேரும் சிறப்பு மாற்றமும் விதிக்கப்பட்டுள்ளது. வல்லநாய், வல்லப்பலகை என்பன உரையாசிரியர்கள் காட்டும் வடிவங்கள். இங்கு நாய் என்பது விலங்கன்று. பலகைமேல் நகர்த்தப்படும் காய். புணர்ச்சியில் தனி விதி பெறுமளவிற்கு இத்தொடர்கள் வழக்கில் ஊன்றியிருந்தன என்பது இதனால் புலனாகும்.

1.3 காயை நாய் என வழங்கியது தமிழ் மட்டுமன்று. பண்டைய கிரேக்கரும் 'நகரம்' எனப் பொருள்படும் ஒரு பலகையாட்டத்தின் காயை நாய் என்றே அழைத்தனர். ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுப் பழமையுடைய எகிப்திய ஆட்டம் ஒன்றில் காய்களாக நிற்கும் குச்சிகளின் தலைகள் நாய் வடிவிலும் நரி வடிவிலும் செதுக்கப்பட்டுள்ளன. இவற்றிற்கிடையே வரலாற்றுத் தொடர்பு உண்டு என வாதிடுதல் இங்கு நோக்கமன்று. காய்க்கு உயிருள்ள பொருளின் பெயரை இடுதல் பலகையாட்டத்தின் பொதுவியல்பு என்பதே கருதத்தக்கது. ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலிகளை 15 ஆடுகள் அடைக்கின்றன. பல்லாங்குழியில் ஒரு குழியில் நான்கு முத்துகள் சேர்ந்தால் அது 'பசு' ஆகிறது. புளியங்கொட்டை நான்கைப் பசு என்று கூவி எடுக்கும் அக்கணத்திலேயே ஒரு சிறு புனைவு பிறந்துவிடுகிறது. கலைப்படைப்பு பலகையாட்டத்தை நாடுவதற்கு முன்பே, பலகையாட்டம் கலையின் தொழிலைத் தொடங்கிவிட்டது எனலாம்.

2. பலகையே படமும் நூலுமாதல்

சில ஆட்டங்களில் பலகையே ஓவியமாகவும் வாசிக்கத்தக்க நூலாகவும் அமைகிறது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடப்பெறும் பரமபத சோபானப் படம் இதற்குத் தக்க சான்று. ஏணியும் பாம்பும் வரையப்பட்ட கட்டங்கள் நற்செயல், தீச்செயல் ஆகியவற்றின் பயனைக் காட்டுகின்றன. உச்சியில் பரமபதம் உள்ளது. வங்காளத்தில் சோழி உருட்டி ஆடப்பெற்ற 'கோலோக்தாம்' என்னும் ஆட்டமும் இவ்வகையினதே. நரகங்களையும் உலகங்களையும் கடந்து திருமாலின் கோலோகத்தை அடைதலே அதன் இலக்கு.

இவ்வாட்டங்களின் சுவை அறவுரையில் இல்லை. அறவுரை அனைவர்க்கும் முன்பே தெரிந்ததாகும். பக்தியில் முதிர்ந்த முதியவரின் காய் பாம்பின் வாயில் விழ, குறும்புக்காரச் சிறுவனின் காய் ஏணியேறிப் பரமபதத்தை அடையும்போது எழும் சிரிப்பே அதன் சுவை. 'பாட்டி நரகத்திற்குப் போய்விட்டார்' என்று சிறுவன் கூவலாம். அது கூற்றளவில் மெய்யுமாகும், மெய்யின்மையுமாகும். பலகையில் அது நிகழ்ந்தது, உலகில் நிகழவில்லை. ஒரே தொடர் ஒரு தளத்தில் உண்மையாகவும் மற்றொரு தளத்தில் பொய்யாகவும் ஒருங்கே நிற்பதைத் தமிழ் அணியியல் நன்கறியும். ஒருவகைச் சொல் இருவகைப் பொருட்கு ஏற்ப நிற்றலைச் சிலேடை என்றும், அவ்வாறு மொழிதலை இரட்டுற மொழிதல் என்றும் வழங்குவர். பலகையாட்டத்தைச் சார்ந்த கலைப்படைப்புகளில் தோன்றும் களிப்பு பெரும்பாலும் இச்சிலேடை இனத்தைச் சார்ந்ததே. இவ்வளவைக் கொண்டே அடுத்துக் கதையும் படமும் ஆராயப்பெறுகின்றன.

3. பிரேம்சந்தின் கதை

3.1 இக்கதை இந்தியில் 'சத்ரஞ்ச் கே கிலாடி' என்றும், உருதுவில் 'சத்ரஞ்ச் கீ பாஜி' என்றும் 1924இல் வெளியாயிற்று. இரு தலைப்புகளும் ஒரே ஆசிரியருடையவை. எனினும் ஒரே பொருளுடையவை அல்ல. முன்னது ஆடுவோரைச் சுட்டுகிறது. பின்னது ஆட்டத்தையும் அதில் வைக்கப்படும் பந்தயத்தையும் சுட்டுகிறது. 'பாஜி' என்னும் சொல்லில் இழப்பின் நிழல் படிந்துள்ளது. 'கிலாடி' என்பதிலோ எள்ளல் படிந்துள்ளது. தமிழில் 'சதுரங்க வீரர்கள்' எனத் தலைப்பிடின் எள்ளல் சிறிது கூடும். ஏனெனில் அவர்கள் வீரத்தைப் போர்க்களத்தில் காட்டாதவர்கள். 'சதுரங்க ஆட்டக்காரர்கள்' எனின், ஆடல் பாடலில் திளைத்த லக்னோ நகரமும் அச்சொல்லுக்குள் வந்துவிடும். இவ்விரண்டனுள் பின்னதே மூலத்தின் பரப்பிற்கு நெருங்கியதாகும்.

3.2 கதையின் தொடக்கத்திலேயே லக்னோவின் பொழுதுபோக்குகள் அடுக்கிக் கூறப்படுகின்றன. சொக்கட்டான் விரிப்பு, கஞ்சீபா அட்டை, சதுரங்கம் ஆகியன அவ்வடுக்கில் இடம்பெறுகின்றன. இவை அறிவைக் கூர்மையாக்கும் எனச் சிலர் வாதிட்டதையும் ஆசிரியர் நையாண்டியாகச் சுட்டுகிறார். எனினும் அவருடைய கலைத்திறன் முழுமையாக வெளிப்படுவது நவாப் சிறைப்பட்டுச் செல்லும் இடத்திலாகும். படை நவாபைக் கொண்டு செல்வதைக் கண்டு ஒருவர் இரங்குகிறார். மற்றவரோ, முதலில் பலகையிலுள்ள பாதுஷாவைக் காத்துக்கொள்ளுமாறும், நவாபுக்காகத் துக்கம் கொண்டாடுவதைப் பின்னர் வைத்துக்கொள்ளுமாறும் கூறி, ஆட்டத்தை முடித்துவிடுகிறார்.

இங்கு இரு ஒலியொப்புமைகள் தொழிற்படுகின்றன. துக்கம் கொண்டாடுதலைக் குறிக்கும் சொல் 'மாதம்'. ஆட்டத்தில் அரசன் வீழ்தலைக் குறிக்கும் சொல் 'மாத்'. இரண்டும் வேறு வேர்களைச் சார்ந்தவை. செவிக்கோ ஒன்றன் எதிரொலி மற்றொன்று. மேலும் 'பாதுஷா' என்பது பலகையரசனுக்கு மட்டுமன்றி அவத் மன்னர்க்கும் உரிய பட்டமாகும். அவ்வமிசத்தார் 1819 முதல் அரசர் எனும் பட்டத்தைக் கொண்டிருந்தனர். நாட்டரசனை 'நவாப்' என்றும் மரத்தாலான அரசனைப் 'பாதுஷா' என்றும் பேசவைத்ததில் உயர்வு இடம்மாறி நிற்கிறது. இவ்வுரையாடலினுள் ஆசிரியர் தம் கண்டனத்தை வெளிப்படையாகக் கூறவில்லை. ஆட்டச் சொற்களே அதனைக் கூறிவிடுகின்றன.

3.3 இப்பகுதியைத் தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் இடர் எளிதன்று. 'மாதம்' எனத் தமிழெழுத்தில் எழுதின் அது திங்களைக் குறிக்கும். 'செக்', 'மேட்' எனின் பேச்சு வழக்கிற்கு ஒத்தது. ஆனால் 1856ஆம் ஆண்டின் லக்னோவிற்கு ஒவ்வாதது. தற்காலச் சதுரங்கக் கலைச்சொல்லாகிய 'முற்றுகை' இங்கு எதிர்பாராத துணையாகிறது. அரசன் தாக்குதலுக்குள்ளாதலை முற்றுகை என்றும், அதனின்று மீளவியலாமையை இறுதிமுற்றுகை என்றும் வழங்குவர். முற்றுகை என்பது கோட்டையைச் சூழ்தலுக்குரிய பழஞ்சொல். மூலத்தின் ஒலிச்சிலேடை இதனால் கிட்டாது. ஆனால் பலகைக்கும் நகரத்திற்கும் ஒருங்கே பொருந்தும் பொருட்சிலேடை கிட்டும். ஒலியை இழந்து பொருளைப் பெறும் இப்பண்டமாற்று ஏற்கத்தக்கதே. இரண்டையும் இழந்து அடிக்குறிப்பில் விளக்கம் தருதல் ஏற்கத்தக்கதன்று; ஏனெனில் விளக்கப்பட்ட நகைச்சுவை நகைச்சுவையாக நில்லாது.

4. ராயின் திரைப்படம்

4.1 இது வங்காளி அல்லாத மொழியில் ராய் உருவாக்கிய முதல் முழுநீளக் கதைப்படமாகும். உருது உரையாடல்களை அமைப்பதில் ஷமா ஸைதியும் ஜாவேத் சித்தீகியும் பங்கேற்றனர். மிர்ஸா சஜ்ஜாத் அலியாகச் சஞ்சீவ் குமாரும், மீர் ரோஷன் அலியாகச் சயீத் ஜாஃப்ரியும், வாஜித் அலி ஷாவாக அம்ஜத் கானும் நடித்தனர். கதக் நடனம், மன்னரின் இசை, இயங்கோவியம், வரலாற்று வருணனை எனப் பல கலைகள் ஒரு சதுரங்கப் பலகையைச் சுற்றி இப்படத்தில் கூடுகின்றன.

படத்தின் தொடக்கத்தில், காய்களை நகர்த்தும் கைகள் காட்டப்பெறுகின்றன. வருணனையாளரின் குரல் அவ்விருவரையும் படைத்தலைவர்களோடு ஒப்பிடுகிறது. இவ்வொப்புமை தெளிவானது, ஆயினும் படத்தில் சுவை குன்றிய பகுதிகளுள் ஒன்றாகவே இதனைக் கருதவேண்டும். குறியீடு வெளிப்படையாக அறிவிக்கப்பட்டமையே அதற்குக் காரணம். பார்வையாளர் தாமே கண்டுகொள்ளும் வாய்ப்பு அங்கு இல்லை.

4.2 இதற்கு மாறாக, காய்கள் காணாமற்போகும் பகுதி படத்தின் உயிர்ப்பான இடமாகும். கதையில் மிர்ஸாவின் மனைவி காய்களை வெளியே வீசி எறிகிறார். படத்தில் அவர் அவற்றை மறைத்துவிடுகிறார். ஆட்ட வேட்கை அடங்காத நண்பர்கள் காய்கறிகளையும் கொட்டைகளையும் பலகையில் பரப்பி, ஒவ்வொன்றிற்கும் ஒரு பதவியை அளித்து ஆடத் தொடங்குகின்றனர். காயின் மதிப்பு அதன் வடிவத்திலோ பொருளிலோ இல்லை. ஆடுவோர் செய்துகொள்ளும் உடன்பாட்டிலும், பிற காய்களோடு அது கொள்ளும் வேறுபாட்டிலுமே உள்ளது. சசூர் மொழியை விளக்குவதற்குச் சதுரங்கத்தை எடுத்துக்காட்டியமை மொழியியலார் அறிந்ததே. குதிரை தொலைந்தால் வேறெப்பொருளையும் அதனிடத்தில் வைத்து ஆடலாம் என்னும் அவருடைய கருத்தை, ராய் சமையலறைப் பொருள்களைக் கொண்டு காட்சியாக்கிவிட்டார் எனலாம். இதில் அரசியலும் உள்ளது. பெயரளவில் அரசன் என நிறுத்தப்பட்ட ஒரு காய்கறிக்கும், கம்பெனியின் தயவில் அரியணையில் நிறுத்தப்பட்ட ஒரு மன்னர்க்கும் உள்ள தொலைவு மிகுதியன்று. ஆனால் படம் அதனைச் சொல்லவில்லை, சிரிக்கவைத்து விலகுகிறது.

4.3 இக்காட்சியைத் தமிழில் எண்ணிப் பார்க்கும்போது ஓர் அரிய பேறு வெளிப்படுகிறது. உருதுவில் ஆட்டக்காய் 'மோஹ்ரா', வங்காளியில் 'கூன்ட்டி'. இவற்றிற்கும் காய்கறிக்கும் சொல்லளவில் உறவில்லை. தமிழிலோ இரண்டும் 'காய்' என்னும் ஒரே வடிவம். 'காய் இல்லாததால் காய் வைத்து ஆடினார்கள்' என்பது தமிழில் இயல்பான, மூலத்தில் இயலாத ஒரு தொடர்.

இஃது இத்துடன் அமையவில்லை. படத்தில் கம்பெனி அரசு இந்திய நாடுகளை விழுங்கிய வரலாறு இயங்கோவியமாகக் காட்டப்பெறுகிறது. அவத் நாடு என்றேனும் தங்கள் வாயில் விழப்போகும் செர்ரிப் பழம் என்று தலைமை ஆளுநர் டல்ஹௌசி குறிப்பிட்டிருந்தார். ராய் அதனைப் பற்றிக்கொண்டு, முடிசூடிய பழங்கள் ஒவ்வொன்றாக உண்ணப்படுவதாக வரைந்து காட்டுகிறார். தமிழ்த் தாயத்தில் சுற்றை முடித்து மனையேறிய காய் 'பழம்' எனப்படும். அதனை இனி எவரும் வெட்டவியலாது. எனவே தமிழ்ப் பார்வையாளர்க்குக் 'காய்', 'பழம்' என்னும் இரண்டும் ஆட்டச் சொற்களே. நண்பர்கள் காயோடு போராடிக்கொண்டிருக்க, கம்பெனிக்கு நாடு பழமாயிற்று என்பது தமிழ்ச் சொல்லமைதியில் தானே அமையும் வாசிப்பு. மூலம் பிறமொழியினது, எனினும் அதன் உள்ளமைப்பைத் தமிழாட்டச் சொற்கள் மேலும் விளக்கமுறச் செய்கின்றன. மொழிபெயர்ப்பில் இழப்பே பேசப்படுவது வழக்கம். ஈட்டமும் உண்டு என்பதற்கு இது சான்றாகும்.

4.4 படத்தின் மற்றொரு முடிச்சு ஆங்கிலேய ஆட்டமுறை பற்றியது. முன்ஷி நந்தலால் என்னும் பாத்திரம் நண்பர்களுக்கு அம்முறையை எடுத்துரைக்கிறது. காலாள் முதல் நகர்வில் இரு கட்டம் செல்லலாம். அரசனையடுத்து நிற்கும் வசீர் அங்கு ராணி எனப்படும். ஆட்டம் விரைவில் முடியும். இது முதலில் ஒரு செய்தித் துணுக்காகவே தோன்றுகிறது. இறுதிக் காட்சியில், கம்பெனிப் படை ஊருக்குள் நுழைந்தபின், நண்பர்கள் ஆங்கிலேய முறையில் ஆட முடிவு செய்கின்றனர். வசீர் விலக, விக்டோரியா அரசியார் எழுந்தருள்கிறார் என்னும் பொருள்பட ஒருவர் கூறுகிறார். ஆட்சி மாற்றம் முழுவதும் ஒரு காயின் பெயர் மாற்றத்தில் அடங்கிவிடுகிறது. கதையில் நண்பர்கள் வாளேந்தி ஒருவரையொருவர் வெட்டி மாய்கின்றனர். படத்தில் அவர்கள் பிழைத்திருந்து புதிய விதியைக் கற்கின்றனர். மாய்தலினும் கற்றல் கொடிது என்பது ராயின் முடிபு போலும்.

5. கல்கத்தாவில் நிகழ்ந்த சந்திப்பு

முன்ஷி நந்தலாலின் பாடம் புனைவு. ஆனால் இரு விதிமுறைகளின் சந்திப்பு அன்றைய கல்கத்தாவில் மெய்யாகவே நிகழ்ந்தது. ஸ்காட்லாந்தைச் சார்ந்த வழக்கறிஞர் ஜான் காக்ரன், உள்நாட்டு முறையில் தேர்ந்த மகேஷ் சந்திர பானர்ஜி என்பவரை 1848இல் சந்தித்தார். அதன்பின் 1850களில் இருவரும் ஆடிய ஆட்டங்கள் பல குறிக்கப்பெற்று எஞ்சியுள்ளன. காலாள் ஒரு கட்டமே நகரும் முறையில் பழகிய மகேஷ் சந்திரர், ஆங்கிலேய விதிப்படி ஆடியபோதும் நடுக்கட்டங்களை உடனே பற்றாமல், ஓரத்துக் காய்களை மெல்ல அமைத்துக்கொண்டு ஆடினார். அன்று ஐரோப்பியர்க்குப் புதுமையாகத் தோன்றிய அம்முறைக்கு 'இந்தியத் தடுப்பாட்டம்' என்னும் பெயர் அமைந்தது. இருபதாம் நூற்றாண்டில் அவ்வகைத் தொடக்கங்கள் உலகெங்கும் தலைசிறந்த ஆட்டக்காரர்களால் ஆடப்பெறலாயின.

இவ்வரலாறு படத்தின் முடிவுக்கு ஒரு மறுபக்கத்தைக் காட்டுகிறது. பலகையில் விதி மாறியது, வசீர் ராணியாயிற்று. ஆயினும் பழைய விதியில் ஊறிய ஆட்டப்பாங்கு புதிய விதிக்குள் நுழைந்து, ஆளவந்தவர்களின் கலைச்சொல்லில் தன் நாட்டுப் பெயரைப் பொறித்துச் சென்றது. இன்று தமிழ் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் இத்தொடக்கங்களின் பெயர் வெறும் ஒலிபெயர்ப்பாக வரும்போது, அதிலுள்ள 'இந்திய' என்னும் அடை பொருளற்றதாகவே படிக்கப்படுகிறது. அது கல்கத்தாவில் இருவர் எதிரெதிரே அமர்ந்து ஆடியதன் சுவடு என்பது மறைந்துவிடுகிறது.

6. தமிழாக்கச் சிக்கல்: மந்திரி யார்?

6.1 மேற்கண்ட இறுதிக் காட்சியைத் தமிழாக்கும்போது 'வசீர்' என்பதற்கு 'மந்திரி' என்னும் சொல் உடனே தோன்றும். இங்கேதான் இடர் தொடங்குகிறது. தற்காலத் தமிழ்ச் சதுரங்க வழக்கில் அரசனையடுத்து நிற்பது அரசி அல்லது ராணி. மந்திரி அல்லது அமைச்சர் என்னும் பெயரோ மூலைவிட்டமாக நகரும் வேறொரு காய்க்கு, ஆங்கிலேயர் பேராயர் என அழைக்கும் காய்க்கு, வழங்குகிறது. ஆகவே 'மந்திரி விலக ராணி வருகிறார்' எனப் படிக்கும் இன்றைய தமிழர், இரு வேறு காய்கள் இடம் மாறுவதாகக் கருதக்கூடும். ஒரே காய் பெயர் மாறியது என்னும் உயிர்நாடி அறுந்துவிடும்.

6.2 யானையின் நிலையும் இத்தகையதே. உருதுவில் 'பீல்', வங்காளியில் 'கஜ்' என்னும் யானைப் பெயர்கள் மூலைவிட்டமாக நகரும் காயைக் குறிக்கின்றன. இந்தியிலும் தமிழ்ப் பேச்சு வழக்கிலும் யானை என்பது மூலையில் நின்று நேராகச் செல்லும் காய். அதனைக் கோட்டை என்பாரும் உளர். அதே காய் வங்காளியில் 'நௌகா', அதாவது படகு. இந்தியில் மூலைவிட்டமாகச் செல்வது ஒட்டகம். பலகை ஒன்றே, விதிகளும் இன்று ஒன்றே, பெயர்களோ மொழிதோறும் வெவ்வேறு விலங்குகளை வெவ்வேறு மூலைகளில் கட்டி வைத்துள்ளன. வங்காளக் கதையொன்றில் 'கஜ்' வெட்டுண்டது என்பதைத் 'யானை வெட்டுண்டது' எனப் பெயர்த்தால் சொல் சரியாகும், காய் தவறாகும். ஆட்டமறிந்த வாசகர்க்கு நகர்வே நிகழவியலாததாகத் தோன்றும்.

6.3 காலாளின் பெயரும் எண்ணத்தக்கது. 'பியாதா' என்பது நடந்து செல்லும் படைஞன். 'காலாள்' அதற்கு நேரானது. தமிழில் பரவலாக வழங்கும் 'சிப்பாய்' என்னும் பாரசீக வழிச்சொல், கம்பெனிப் படையின் நினைவைத் தவறாது எழுப்பும். வங்கப் படையின் சிப்பாய்களுள் பெரும் பகுதியினர் அவத் நாட்டினர் என்பதும், 1857இல் அங்கே கிளர்ச்சி மூண்டது என்பதும் கருதின், இக்கதையில் அச்சொல் மூலத்தில் இல்லாத ஒரு முன்னறிவிப்பைச் சேர்க்கிறது. கவர்ச்சியானது என்பதனாலேயே அதனை எங்கும் இட்டு நிரப்புதல் முறையன்று.

6.4 இவற்றிற்கு ஒரு தீர்வைப் பரிந்துரைக்கலாம். மொழிபெயர்ப்பாளர் தொடக்கத்திலேயே காய்ப்பெயர்ப் பட்டியல் ஒன்றை வகுத்துக்கொள்ளல் வேண்டும். இப்படைப்பைப் பொறுத்தவரை ஒன்றன்று, இரண்டு பட்டியல்கள் தேவை. நாட்டுமுறை ஆட்டம் நிகழுமிடமெங்கும் அரசன், மந்திரி, காலாள் எனவும், ஆங்கிலேய முறை நுழைந்தபின் ராஜா, ராணி, சிப்பாய் எனவும் வழங்கலாம். மூலைவிட்டக் காய்க்கு 'மந்திரி' என்னும் பெயரை எங்கும் இடாது, வேறு பெயரைத் தொடக்க முதலே நிலைநிறுத்தல் வேண்டும். அவ்வாறாயின் இறுதிக் காட்சியில் பட்டியல் மாறுவதே வாசகர் உணரும் நிகழ்ச்சியாகும். விளக்கமின்றியே ஆட்சி மாறியது தெரியவரும். தலைமுறை தலைமுறையாகத் தமிழர் திண்ணைகளில் மந்திரி ராணியான வரலாறும் அப்பெயர்மாற்றத்தில் அடங்கியுள்ளது என்பதை நுட்பமான வாசகர் கண்டுகொள்வர்.

7. முடிவுரை

பலகையாட்டம் பிற கலைகளோடு உறவு கொள்ளும் வழி மூன்று என இவ்வாய்வால் தெரியவருகிறது. பரமபதம், கோலோக்தாம் போன்றவற்றில் பலகையே படமாகவும் நூலாகவும் நிற்கிறது. பிரேம்சந்தின் கதையில் ஆட்டச் சொல் இருபொருள் தந்து கண்டனத்தைத் தாங்குகிறது. ராயின் படத்தில் காயும் அதன் பெயரும் காட்சியாகின்றன. மூன்றிலும் களிப்பிற்கு அடிப்படை ஒன்றே: ஒரு சொல் பலகையிலும் உலகிலும் ஒருங்கே நின்று, இரண்டினும் வெவ்வேறு உண்மையைக் கூறுதல்.

தமிழில் தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம் ஆகியவற்றின் சொற்கள் வட்டாரந்தோறும் வேறுபட்டுப் பெருகிக் கிடக்கின்றன. வெட்டு, பழம், மலை, பசு, தக்கம் முதலியன அச்செல்வத்தின் சில துளிகள். விளையாட்டுகளைப் பற்றிய நூல்கள் விதிகளைத் தொகுக்கும் அளவிற்கு, ஆடுவோர் ஆடும்போது பேசும் தொடர்களைத் தொகுப்பதில்லை. அகராதிகள் பெயர்ச்சொற்களுக்கு இடமளிக்கும் அளவிற்கு, அவற்றோடு சேர்ந்துவரும் வினைகளுக்கு இடமளிப்பதில்லை. காய் 'இறங்குகிறது', 'வெட்டுகிறது', 'பழுக்கிறது', அரசன் 'கட்டுண்கிறான்', புலி 'அடைபடுகிறது'. மொழிபெயர்ப்பாளர்க்குத் தேவைப்படுவன இவ்வினைகளே. வல்லநாய்க்கும் வல்லப்பலகைக்கும் தனி விதி வகுத்த இலக்கண மரபின் வழிவந்தோர்க்கு, ஆடுகளங்களுக்கே சென்று இச்சொற்களை அவை வழங்கும் தொடர்களோடு பதிவு செய்தல் இன்றைய கடமையாகும். அவற்றை இழப்பின், தமிழிற்கு வரும் எந்தச் சதுரங்கக் கதையிலும் நாடு தோற்ற செய்தி எஞ்சும், ஆட்டம் எஞ்சாது.